ரெயூனியனிலிருந்து சாரத்துக்கு

விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவள் நான். அத்தனை வருஷத்தில், இந்த விமான நிலையத்துக்கும் அந்த விமான நிலையத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. "எப்ப வந்து சேருவான்?" என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் என் தலை நரைத்தது.

போன மாதம் ஷாலினி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். தன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு, காபி குடித்துக்கொண்டே புலம்பினாள். வருகிறவர்கள் எல்லோரும் போனோடு வருகிறார்களாம். தூரம், பறக்கும் நேரம், எந்த ஊரில் இறங்கி ஏற வேண்டும், எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறதாம். பேச்சுவாக்கில், "அப்ப நீங்கள்லாம் அந்தக் காலத்துல இன்னாதான் பண்ணீங்க மேடம்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. கல்யாணப் பெண்ணிடம் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில் தொழிலாளி. மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சோறு வடிப்பார்கள், விளக்கேற்றுவார்கள், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். நேரம் என்றால் பயம் அப்போதே ஒட்டிக்கொண்டது. கல்லூரி முடித்து, சென்னையில் சில மாதம் டிக்கெட் போடுகிற படிப்பு படித்தேன். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. அதை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். படிப்பு அவ்வளவுதான். வேலை கற்றுக்கொண்டது முசியே கப்ரியேலிடம். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். முசியே அதன் மேலாளர். முதலாளி மாதத்துக்கு ஒருமுறை வந்து ஏசி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி முசியே வைத்ததுதான் சட்டம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். பேசும்போது குரலை உயர்த்தமாட்டார். வந்தவர் உட்காரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். நின்றுகொண்டே அவசரப்படுகிறவரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வாசல்ல யாரு காத்துனு இருக்காங்க?"

சேர்ந்த புதிதில் எனக்கு இது வீண் நீட்டலாகப் பட்டது. ஒருநாள் ஒரு அம்மா, பாரிசிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி அட்டவணையைப் பார்த்துப் பறக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா போன பிறகு முசியே என்னைக் கூப்பிட்டார். "மங்கை, நீ சொன்னது விமானத்தோட நேரம். அத விமானிகிட்ட சொல்லு. இந்தம்மாவுக்கு வாசல் நேரம் சொல்லு" என்றார்.

வாசல் நேரம் என்பது அவர் வைத்த பெயர். அதைப் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட வேண்டும். உழவர்கரையில் ஒரு வீட்டு வாசலில் கால் வைக்கிறான் என்றால், அதற்கு முன்னால் கார் எவ்வளவு நேரம் ஓடியது, டிரைவர் டீ குடிக்க எங்கே நிறுத்துவான், பெட்டி வந்து சேர எவ்வளவு ஆகும், குடியேற்ற வரிசையில் எவ்வளவு நிற்பான், நடுவில் இறங்கும் ஊரில் எவ்வளவு உட்காருவான், அங்கே பாரிசுக்கு வெளியே இருக்கும் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு எந்த ரயில். எல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டிக் கழித்து வந்த நேரத்தோடு முசியே இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். எதற்கு என்று கேட்டால், மனுஷன் வழியில் எங்காவது தடுக்கி விழுவான் இல்லையா, அதற்கு என்பார்.

கிலோமீட்டர் கணக்கு எங்களுக்கும் உண்டு. ஆனால் அது கட்டணம் போட. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மைலுக்குள் சுற்றிப் போனால் ஒரு கட்டணம், அதற்கு மேல் சுற்றினால் கூடுதல். தூரத்தை வைத்து நேரம் சொல்லக் கூடாது என்பது முசியே போட்ட முதல் விதி. இருந்தும் முதலாளி ஆசைப்பட்டார் என்பதற்காக வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு உலக வரைபடம் மாட்டியிருந்தது. வருகிறவர்கள் அதன் முன் நின்று தங்கள் பிள்ளை இருக்கும் இடத்தில் விரல் வைப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் படம் அழுக்கேறி இருக்கும்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தெருவுக்கு ஒரு வீடாவது பிரான்சோடு தொட்டுக்கொண்டிருக்கும். தாத்தா பட்டாளத்தில் இருந்திருப்பார், அதனால் பேரனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. பிள்ளைகள் அங்கே, பெற்றவர்கள் இங்கே. அதனால் ஒரு சாவு என்றால் முதலில் டாக்டருக்குச் சொல்வார்கள், அடுத்து ஐஸ் பெட்டிக்காரருக்கு, மூன்றாவதாக எங்களுக்கு. பிள்ளை வந்து சேரும் நேரத்தை நாங்கள் சொன்ன பிறகுதான் எப்போது எடுப்பது என்று முடிவு செய்வார்கள். மேளக்காரருக்குச் சொல்வதும், மயானத்துக்குச் சொல்வதும், சொந்தக்காரர்களுக்குச் சொல்வதும் எங்கள் மேசையிலிருந்து போகும் நேரத்தை வைத்துத்தான்.

இதில் முசியே யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். சேர்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே பிடிபட்டது. மகனுக்காகப் பிணம் காத்திருக்கும். மகளுக்காகக் காத்திருக்காது. மகன் வந்து இறங்கிவிட்டால், மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்று யார் சொன்னாலும் பெரியவர்கள் எடுத்துவிடுவார்கள். மோசமானவர்கள் என்று இல்லை, அப்படித்தான் பழக்கம். அதனால் மகள் பிந்தி வருவாள் என்று தெரிந்தால், முசியே மகனுடைய டிக்கெட்டை மகளுடைய டிக்கெட்டோடு சேர்த்துப் போடுவார். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் வந்து இறங்குவார்கள். முந்திய விமானத்தில் இடமில்லை என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லப்படும். பிள்ளைகளுக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த வீட்டு மகள்கள் தாயையோ தகப்பனையோ முகம் பார்த்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் சிகாமணி வந்தார்.

இங்கேயே, புதுச்சேரியில் சாரம் பகுதிக்காரர். சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எழுபது வயதிலும் முதுகு வளையாதவர். அன்று விடியற்காலை அவருடைய அக்கா ராஜாம்பாள் இறந்துவிட்டார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் பாஸ்கர் பாரிசுக்குப் பக்கத்தில். மகள் வசந்தி கல்யாணமாகி, பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில். இரண்டு பேருக்கும் டிக்கெட் வேண்டும் என்றார். முசியே வழக்கம்போல உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சிகாமணி சொன்னதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. ராஜாம்பாளுக்கு நீளமான தலைமுடியாம். வசந்தி இங்கே இருந்தவரைக்கும் அவள்தான் தினமும் சீவி முடிந்துவிடுவாளாம். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, கடைசியாக என்னைக் குளிப்பாட்டித் தலை முடிவது அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று தம்பியிடம் வாக்கு வாங்கியிருந்தாராம். வசந்தி அம்மாவைப் பார்த்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. சிகாமணி காலையிலேயே அவளுக்குப் போன் செய்து, நீ கிட்டத்தில் இருக்கிறாய், அண்ணனுக்கு முன்னால் நீ வந்துவிடுவாய், அம்மாவுக்கு நீதான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

முசியே அட்டவணையை என் பக்கம் நகர்த்தினார். நான் பார்த்தேன், கம்ப்யூட்டரிலும் பார்த்தேன். ரெயூனியனிலிருந்து சென்னைக்கு அப்போது நேர் விமானம் கிடையாது. மொரீசியஸ் வழியாக வாரத்தில் சில நாள் உண்டு, அந்த வாரத்து இடம் நிரம்பியிருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி, வசந்தி பாரிசுக்குப் போய், அங்கிருந்து வளைகுடா வழியாகச் சென்னை வருவது. சென்னைக்குத் தென்மேற்கே இந்துமாக் கடலில் இருக்கும் தீவிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போய், திரும்ப வர வேண்டும். பாஸ்கர் நாளைக்கு மத்தியானம் சாரத்து வாசலில் இருப்பான். வசந்தி அதற்கு மறுநாள்.

இதைச் சொன்னதும் சிகாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போய் வரைபடத்தின் முன் நின்றார். ரெயூனியனில் சுண்டு விரலை வைத்து, கட்டை விரலைச் சென்னையில் வைத்தார். ஒரு சாண் கூட இல்லை. பாரிசுக்குக் கிட்டத்தட்ட இரண்டு சாண்.

"நான் அந்தத் தீவுல ரெண்டு வருஷம் இருந்தவன். கப்பல்ல போய் வந்தவன். பிரான்சு எங்க, இது எங்க? பாதி தூரத்துல இருக்கறவ எப்படி முசியே பின்னால வருவா? இந்தப் பொண்ணு தப்பா பாத்துருக்கும்" என்றார்.

எனக்கு மூக்கு விடைத்தது. முசியே கையை லேசாகக் காட்டி என்னை அடக்கினார். கடலில் நீங்கள் போன வழி நேர் வழி, ஆகாயத்தில் அந்த வழி இன்றைக்கு இல்லை, விமானம் தூரத்தைப் பார்த்து ஓடுவதில்லை, எங்கே ஆள் அதிகமோ அங்கேதான் ஓடும் என்று நிதானமாகச் சொன்னார். சிகாமணி வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலிக்கு வந்தார். கோபம் போய் ஆள் தளர்ந்திருந்தார்.

"பாஸ்கர் வந்துட்டான்னா பங்காளிங்க விடமாட்டாங்க முசியே. நான் தாய்மாமன்தான். நான் ஒருத்தன் சொன்னா நிறுத்துவாங்களா? அந்தப் பொண்ணுகிட்ட வேற வாக்கு குடுத்துட்டேன்."

"அப்ப பையன நிறுத்துவோம்" என்றார் முசியே.

விளக்கிச் சொன்னதும் சிகாமணிக்கு முகம் தெளிந்தது. இரண்டு பேரும் பாரிஸ் விமான நிலையத்தில் சந்தித்து, சேர்ந்து ஏறுவது. மறுநாளுக்கு மறுநாள் மத்தியானத்துக்கு மேல் சாரத்து வாசல். பங்காளிகளிடம் இடம் கிடைக்கவில்லை என்று தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நான் பாஸ்கருக்குப் போன் செய்தேன். தங்கச்சியோடுதான் வருகிறேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். வசந்தியிடமும் பேசினேன். அழுதுகொண்டே இருந்ததால் விமான எண்ணை நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் பேசியதில் தெளிவாக விளங்கியது ஒன்றுதான். "அம்மாவ எடுத்துட மாட்டாங்கல்லக்கா?"

மாட்டார்கள் என்றேன். அன்றைக்குத் தெரிந்த நிலவரத்துக்கு அது சரியான பதில்தான்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ரெயூனியனிலிருந்து பாரிசுக்குப் போக வேண்டிய விமானம் ராத்திரி கிளம்பவே இல்லை. தீவைச் சுற்றிப் புயல், விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். திறந்த பிறகு வசந்தி ஏறினாள். ஆனால் அவள் பாரிசில் இறங்குவதற்குள், அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஏற வேண்டிய விமானம் போய்விடும். முசியேவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் தாண்டி பாஸ்கர் பாரிஸ் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். கதவை மூடப் போகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டான். நான் ஒலிபெருக்கியை அமுக்கினேன், இரண்டு பேரும் கேட்டோம். முசியே தன் திட்டத்தைத் தானே கைவிட்டார்.

"ஏறிடு பாஸ்கர். நீயாவது வந்து சேரு. அம்மாவுக்குச் செய்ய வேண்டியவன் நீ."

அந்தப் பக்கம் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் பாஸ்கர் கேட்டான்.

"நான் ஏறிட்டா, அவ இங்க வந்து எறங்கும்போது யாரு இருப்பா முசியே?"

முசியே மறுபடியும் ஏறச் சொன்னார், பிரெஞ்சிலும் சொன்னார். பாஸ்கர் வைத்துவிட்டான். சிறிது நேரத்தில் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பாஸ்கர் ஏறவில்லை. மறுநாள் விமானத்தில் இரண்டு இடம் போட்டேன். அவர்களுடைய வாசல் நேரம் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போனது.

அடுத்த நாள் காலையிலிருந்தே சிகாமணி போன் செய்தபடி இருந்தார். ஐஸ் பெட்டி வந்து மூன்றாவது நாள். ராஜாம்பாளுக்கு உடம்பில் நீர் கோத்திருந்தது. முந்தின நாள் சாரத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறார்கள், அதுவும் மக்கர் செய்திருக்கிறது. பங்காளிகள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். சிகாமணி யாரிடமும் விட்டுக்கொடுக்காமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பெட்டியைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு அந்தத் தெருக்காரர்கள் சொல்லிக் கேட்டது.

பிற்பகலில் வந்த போனில் அவர் குரலே மாறியிருந்தது. முசியே எடுத்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். சிகாமணி கேட்டது எனக்கே கேட்டது.

"உண்மைய சொல்லுங்க முசியே. வாசலுக்கு எப்ப வருவாங்க?"

நான் முசியேவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சொல்லாதீர்கள் என்றுதான் அர்த்தம். இன்றைக்கு ராத்திரி என்று சொல்லுங்கள், எப்படியாவது நிறுத்தி வைப்பார்கள் என்று வாயசைத்தேன். ஒரு பொய். முப்பது வருஷத்தில் அந்த ஒரு பொய்க்குத்தான் நான் கெஞ்சினேன். முசியே என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேல ஆகும், சிகாமணி."

"தாங்காது முசியே. அப்ப எடுத்துடறோம்."

ஏன் சொன்னீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். மேலாளர் என்றும் பார்க்கவில்லை. அவர் மெதுவாக, "நான் பொய் சொன்னா அந்த பெட்டி தாங்குமா மங்கை? ராத்திரி வருவாங்கன்னு வச்சிருந்து, வராம, அந்தம்மாவ அலங்கோலமா எடுக்கறதா?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும்தான்.

ராஜாம்பாளைக் குளிப்பாட்டித் தலை முடிந்தது சிகாமணியின் மனைவி. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். பிள்ளைகள் இருவரும் அப்போது விமானத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது.

அவர்களைக் கூட்டிவர சென்னைக்குக் கார் போக வேண்டும். முசியே தானும் போவதாகச் சொன்னார். அதுவரை அவர் எந்த வாடிக்கையாளரையும் அழைத்துவரப் போனதில்லை. வீட்டு வாசலில் வந்து இறங்கித் தெரிந்துகொள்ளக் கூடாது, அதற்கு முன்னால் ஒரு மனுஷன் சொல்ல வேண்டும் என்றார். போனார். சொன்னார். காரில் என்ன நடந்தது என்பதை அவர் கடைசிவரை என்னிடம் பேசவே இல்லை. டிரைவரும் வாய் திறக்கவில்லை. அவன் எதையும் ஊரெல்லாம் சொல்லாமல் இருக்கமாட்டாதவன்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அண்ணனும் தங்கையும் அலுவலகத்துக்கு வந்தார்கள், திரும்பிப் போகும் தேதியை மாற்ற. வசந்தியை அன்றுதான் நேரில் பார்த்தேன். முன்பின் தெரியாதவளாகவே படவில்லை. சின்ன உருவம், அழுது அழுது கண் இடுங்கிப் போயிருந்தது. நேரே சுவர் வரைபடத்துக்குப் போனாள். மாமன் வைத்த மாதிரியே சுண்டு விரலையும் கட்டை விரலையும் வைத்தாள்.

"எத்தன கிலோமீட்டர் முசியே?" என்றாள்.

அந்த அலுவலகத்தில் தூரம் கேட்ட வெகு சிலரில் அவள் ஒருத்தி. கட்டணக் கணக்குக்காக எனக்கு அது தெரியும். நேராகப் பார்த்தால் நான்காயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேல். அவள் சுற்றி வந்தது அதைப்போல நாலு மடங்குக்குக் கிட்ட. நான் அதைச் சொல்வதற்குள் முசியே நாற்காலியை விட்டு எழுந்தார். வாடிக்கையாளர் முன்னால் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"பர்தோன், வசந்தி" என்றார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தமிழ் வரவில்லை. "உங்கண்ணனையாவது முன்னாடியே அனுப்பியிருக்கணும். நான்தான் நிறுத்தினேன். என்னால அந்தம்மாவுக்குப் பிள்ளையும் இல்லாம போச்சு."

பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசந்திதான் பேசினாள்.

"விமானம் எறங்கி வெளிய வரேன், முசியே. எல்லாம் போச்சு, அண்ணன் போயிருப்பான், இந்த ஊர்ல எனக்கு யாரத் தெரியும்னு நெனச்சிட்டே வரேன். இவன் கம்பியப் புடிச்சினு நின்னுட்டு இருந்தான். ராத்திரியெல்லாம் அங்கயே பெஞ்சில உக்காந்துனு இருந்தோம். அம்மாவப் பத்தியே பேசினோம். எங்கம்மா முகத்த நான் பாக்கல. ஆனா இவன் என்ன உட்டுட்டு ஏறல. அதுக்கு நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க?"

நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். எதற்கும் அழாதவள் என்று எனக்கு அங்கே பேர்.

அவர்கள் போன பிறகு முசியே ஆளை வைத்து வரைபடத்தைக் கழற்றி உள்ளறையில் போட்டுவிட்டார். முதலாளி வந்து கேட்டதற்கு, அது ஜனங்களை ஏமாற்றுகிறது என்றார். அதன் பிறகும் வேலை நடந்தது. சாவு டிக்கெட்டுகளும் வந்தன. ஆனால் மகனை நிறுத்தி மகளோடு சேர்த்துப் போடுகிற வேலையை முசியே அதன் பிறகு செய்யவில்லை. நான் மட்டும் அவருக்குத் தெரியாமல் செய்தேன், ஓய்வு பெறும்வரை. அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

முசியே ஓய்வு பெற்று சில வருஷம் கழித்து இறந்தார். காலையில் செய்தி வந்தது, சாயங்காலமே கல்லறைத் தோட்டத்துக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. ஒரே மகள் கிளேர் பிரான்சில், துலூசில் இருக்கிறாள். ஓடிப்போய் அவர் மனைவி மதாமிடம் கேட்டேன். முசியே முன்னமே சொல்லி வைத்திருந்தாராம். தனக்காக ஐஸ் பெட்டி வேண்டாம், அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேட்க வேண்டாம், யாருக்காகவும் நிறுத்த வேண்டாம், மகளை வழியில் தவிக்க விட வேண்டாம். அதே நாள் எடுத்துவிட வேண்டும். மதாம் அப்படியே செய்தார். நான் அலுவலகத்துக்குத் திரும்பி, யாரும் கேட்காமலே கிளேரின் வாசல் நேரத்தைக் கணக்குப் போட்டேன். ஒன்றரை நாள். ஐஸ் பெட்டி தாராளமாகத் தாங்கியிருக்கும்.

கிளேர் வந்து, கல்லறைக்குப் போய்விட்டு, என்னைப் பார்க்க வந்தாள். அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டாள். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ராஜாம்பாள் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும், அவள் அப்பா கண்ணாடியைத் துடைப்பது மாதிரியே அவளும் துடைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு அண்ணன் நின்னாரு, மங்கை அக்கா. எனக்கு எங்கப்பா ஒரு நாள் நிக்கலையே" என்றாள்.

அவளுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் செய்தார் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். ஆறுதலாகவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. முப்பது வருஷம் மற்றவர்களுக்கு வாசல் நேரம் சொன்ன மனுஷன், தன் மகளுக்கு ஒரு வாசல் இல்லாமல் செய்துவிட்டார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் கோபம் தீரவில்லை.

என் மகளும் இப்போது பிரான்சில், லியோனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். எனக்கு லேசாகச் சளி பிடித்தாலும் அவளுக்குப் பதற்றம். எட்டாயிரம் கிலோமீட்டர்தானேம்மா, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துல வந்துடுவேன் என்பாள். அது விமானத்தின் நேரம், உன் வாசலிலிருந்து என் வாசலுக்கு எவ்வளவு என்று நான் கேட்பேன். கணக்குப் போடத் தெரியாமல் சிரிப்பாள்.

அவள் அப்பாவிடம் நான் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டி இரண்டு வாங்கினாலும் சரி, ஜெனரேட்டர் மூன்று வைத்தாலும் சரி, சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கினாலும் சரி, பொண்ணு வரும்வரை என்னை எடுக்கக் கூடாது. மகளிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, இதெல்லாம் எதற்கு இப்போது பேசுகிறாய் என்றாள்.

"பேசி வைக்கணும்டி. நீ அவசரப்பட்டு ஓடி வராத. எங்க எறங்கணுமோ எறங்கி, எங்க ஏறணுமோ ஏறி, மெதுவா வா" என்றேன். "நான் வாசல்லயே இருப்பேன்."